கடைமடைச் சாட்சி: கொடுவா, தூண்டில், ஆறு

ஊத்துக்குளி என்றதும் வெண்ணெய் நினைவுக்கு வரும். கதித்தமலை முருகன் நினைவுக்கு வருவான். சற்றே மேற்கே திரும்பினால் திருப்பூரின் பனியன் கம்பெனிகள். கடலை நினைப்பதற்கு இங்கே காரணம் ஏதுமில்லை. நெய்தல் திணையை வகுப்பறையில் நடத்துகையில், கழியென்பதையும் கண்டலென்பதையும் கரும்பலகையில் படம் வரைந்துதான் நம் மாணவர்க்கு விளக்க வேண்டியிருக்கிறது. ஆயினும், கழிமுகத்து மீன் ஒன்றையும் அதைத் தூண்டிலால் பிடிக்க முனைந்தோரையும் பற்றி இந்த ஊரிலிருந்தே எழுதத் துணிகிறோம்.

காரணம் எளியது. ஊருக்குத் தெற்கே ஓடும் நொய்யல், காவிரியில் கலக்கிறது. காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிய, அதன் வடகிளை கொள்ளிடமாகிப் பிச்சாவரத்துக் கண்டற்காடுகளுக்குத் தெற்கே கடலைச் சேர்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பெய்த மழைத்துளி ஒன்று, அணைகளும் வாய்க்கால்களும் விட்டுவைத்தால், பிச்சாவரத்துக்கு அருகே உப்பு நீரைத் தொடும். பாசன மொழியில் சொன்னால் நாம் தலைமடைக்காரர், பிச்சாவரம் கடைமடை. மடையில் மேலே ஒருவன் செய்த பிழை கடைசி வயலில்தான் முதலில் தெரியவரும் என்பதை உழவர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆற்றுக்கும் அது பொருந்தும். அந்தக் கடைசி வயலில் நின்று சாட்சி சொல்லும் மீனின் பெயர் கொடுவா.

*

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துத் தென்மேற்குக் கரையில் கண்டல் தீவுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. முழங்கால் அளவேயான உப்பு நீரில், வேர்களின் நிழலில் பதுங்கி நிற்கும் ஸ்னூக் என்னும் மீனைப் பிடிக்க, உலகெங்கும் இருந்து தூண்டிற்காரர்கள் அங்கே போகிறார்கள். அவர்கள் கையாளும் முறை வேடிக்கையானது. நாம் அறிந்த தூண்டிலில் இரையின் எடை கயிற்றை இழுத்துச் செல்லும். இந்த முறையிலோ இரைக்கு எடையே இல்லை என்னலாம். முள்ளில் இறகும் மயிரும் நூலும் சுற்றிச் செய்த பொய்யிரை அது. ஆகவே கயிற்றையே கனமாகச் செய்து, அதைச் சாட்டைபோல் முன்னும் பின்னும் வீசி, அந்த வீச்சின் விசையால் பொய்யிரையைக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். நன்னீர் ஓடைகளில் இந்தப் பொய்யிரை ஈயின் வடிவில் இருந்ததால் 'ஃப்ளை' என்ற பெயர் நிலைத்தது. உப்புக்கழிக்கு வந்தபின் அது இறாலாகவும் சிறு மீனாகவும் உருமாறியது. பெயர் மட்டும் மாறவில்லை.

கயிற்றை வீசுவது கற்றுக்கொள்ளக்கூடிய வித்தைதான். எங்கே வீசுவது என்பதே கடினம். அதற்காகத்தான் வழிகாட்டி. அவர் படகின் பின்புறத்து மேடையில் நின்று நீண்ட கழியை ஊன்றி, ஓசையின்றிப் படகை நகர்த்துவார். ஓதம் வற்றத் தொடங்கும் வேளையில் சிற்றோடைகளின் வாய்களிலிருந்து நீர் வெளியேறும். அதனோடு இறாலும் குஞ்சு மீனும் வரும். அந்த வாய்க்கு எதிரே, நீரோட்டத்தை நோக்கித் தலைவைத்து ஸ்னூக் காத்திருக்கும். எந்த ஓடையில், எந்த வேளையில் என்பது வழிகாட்டியின் அறிவு. தூண்டில் வாடிக்கையாளர் கையில் இருந்தாலும் மீன் பிடிப்பது உண்மையில் வழிகாட்டியே எனலாம்.

நம் கொடுவா இந்த ஸ்னூக்குக்கு ஏறத்தாழ ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. மீனியலார் நெடுங்காலம் இரண்டையும் ஒரே குடும்பத்தில் வைத்திருந்தனர், பின்னரே பிரித்தனர். இரண்டும் வேர்நிழலில் பதுங்கி இரை பிடிப்பவை. இரண்டும் ஆணாக முதிர்ந்து பின் பெண்ணாக மாறுபவை. கேரளத்தில் காளாஞ்சி என்றும் வங்கத்தில் பேட்கி என்றும் ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்றும் வழங்குவது நம் கொடுவாவே. பழைய கல்கத்தாவின் ஆங்கிலேயர் அதைக் 'காக்-அப்' என்றனர்; மலாய்ச் சொல்லான 'காக்காப்' என்பதன் திரிபு அது. 1886இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி, அந்நகரத்து ஐரோப்பியக் கனவான்களில் பாதிப்பேரின் காலையுணவு இதுவே என்று பதிவு செய்திருக்கிறது.

இதன் வாழ்க்கைமுறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இக்கட்டுரையின் வாதம் அதில் இருக்கிறது. கொடுவா முட்டையிடுவது உப்பு மிகுந்த கழிமுகத்தில். குஞ்சுகள் ஓதத்தோடு கண்டற்காட்டுக்குள் நுழைந்து வேர்களிடையே வளர்கின்றன. சற்றே பெரிதானவை, வழி இருந்தால், ஆற்றில் ஏறி நன்னீரில் சில ஆண்டுகள் வாழ்கின்றன. முதிர்ந்தபின் முட்டையிட மீண்டும் கழிமுகத்துக்கு இறங்குகின்றன. கடலில்லாமலும் அதற்கு வாழ்வில்லை. ஆறில்லாமலும் அது முழுமையாக வாழ்வதில்லை.

*

கொடுவாவுக்கும் ஸ்னூக்குக்கும் அறிவியல் பெயர் சூட்டியவர் ஒருவரே என்பது பலரும் அறியாத செய்தி. பெர்லின் நகரத்து யூத மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் பிளாக், 1790இல் கொடுவாவையும் 1792இல் ஸ்னூக்கையும் வருணித்தார். வெப்பநாட்டுக் கழி ஒன்றைக்கூட அவர் கண்டதில்லை. மீன்கள் அவரைத் தேடி வந்தன. சாராயத்தில் ஊறியும் உலர்ந்தும் கப்பலேறி வந்தன.

அவற்றுள் பல, நம் கரையிலிருந்து போனவை. பிச்சாவரத்துக்குத் தெற்கே தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை இருந்த காலம் அது. அங்கு 1771இல் வந்து சேர்ந்த பாதிரியார் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், சமயப்பணியோடு கிளிஞ்சலும் மீனும் பாம்பும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்க்கு அனுப்பிவந்தார். பிளாக் நன்றி மறவாதவர். கத்தாழை வகை மீன்களின் பேரினம் ஒன்றுக்கு 'ஜானியஸ்' என்று பெயரிட்டார். 1792இல் வருணித்த செப்பிலி வகை மீன் ஒன்றுக்கும் ஜானின் பெயரையே வைத்தார். அந்தச் செப்பிலியின் குஞ்சுகள் வளர்வதும் கண்டல் வேர்களிடையேதான்.

ஆனால் பாதிரியார் வலை வீசியவர் அல்லர். விடியலில் கட்டுமரத்தை இழுத்துக் கரையேற்றிய பரதவர் எவரோ அந்த மீன்களைக் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். எது கழியில் கிடைப்பது, எது ஆழ்கடலில் கிடைப்பது என்று அவரே சொல்லியிருக்கவும் வேண்டும். அவர் பெயர் எந்த மீனுக்கும் வைக்கப்படவில்லை. நம் நாட்டு மீனியலின் முதல் வழிகாட்டி பெயரற்றவராகவே நின்றுவிட்டார். இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. இதன் விளைவு பின்னால் வரும் என்பதால் குறித்துவைக்கிறோம்.

*

இங்கே ஒரு கேள்வி எழலாம். தூண்டிலை விளையாட்டாகக் காணும் மனம் வெள்ளைக்காரர் கொண்டுவந்ததுதானே? வயிற்றுக்கு மீன் பிடித்த நம்மவர்க்கு அதில் என்ன இன்பம்?

சங்கப் பாடல்கள் இதற்கு வேறு விடை தருகின்றன. மெல்லிய கோலும் கயிறும் ஏந்தி மீன் பிடிக்கும் பாண்மகள் அகநானூற்றின் 216ஆம் பாட்டின் தொடக்கத்திலேயே நிற்கிறாள். அதே தொகையின் 36ஆம் பாட்டில் மதுரை நக்கீரர் காட்டும் காட்சி இன்னும் விரிவானது. முள்ளிலிருந்த இரையை விழுங்கிய பெரிய வரால் ஒன்று ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூக்களைச் சிதைத்து, கொடிகளைக் கலைத்துக்கொண்டு பாய்கிறது. தூண்டில்காரன் இழுக்க இழுக்க வர மறுக்கிறது. கயிற்றுக்கு அடங்காத சினங்கொண்ட காளையைப் போல் குளத்தையே கலக்குகிறது. தூண்டிலில் பெருமீன் சிக்கிய கணத்தின் பரபரப்பை அறிந்தவர் எவரும் இதைப் படித்தால் புன்னகை செய்வர். பிடிப்பவனுக்கும் பிடிபட்டதற்கும் இடையே நிகழும் போரை அருகிருந்து கண்டு சுவைத்த கண் அது. தூண்டில் முள்ளின் வளைவைக் குறிக்க அப்பாட்டு 'கொடுவாய்' என்ற சொல்லை ஆள்கிறது. திருப்பூருக்குத் தெற்கே அதே பெயரில் ஓர் ஊரும், கடற்கரையில் ஏறத்தாழ அதே ஒலியில் ஒரு மீனும் இருப்பதை எண்ணி வியக்கலாம். சொற்பிறப்பு காட்ட முற்படாமல் வியப்போடு நிறுத்திக்கொள்கிறோம்.

கண்டற்காடும் நம் மரபுக்குப் புதிதன்று. சிதம்பரத்தின் தலமரமான தில்லை, பால் பட்டால் தோலும் கண்ணும் எரியும் கண்டற்சாதி மரம். இன்று கோயிலைச் சுற்றி அது இல்லை. கிழக்கே பிச்சாவரத்தில் இருக்கிறது. தில்லைவனம் என்ற பெயர் எந்த நிலத்தின் நினைவைச் சுமக்கிறது என்று காண விரும்புவோர் படகேற வேண்டும்.

*

ஆங்கிலேயர் கொண்டுவந்தது தூண்டில் இன்பத்தை அன்று. அதைக் குறித்துவைக்கும் பழக்கத்தை. சென்னை மாகாண சிவில் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் மங்களூரில் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை வெளியிட்டார். இந்தியத் தூண்டிற்காரர்களின் வேதநூல் என்று நெடுங்காலம் போற்றப்பட்ட நூல். தலைப்பைக் கண்டு பொழுதுபோக்கு நூல் என்று எண்ணுவோர் ஏமாறுவர்; மீன்களின் இயல்பும், அவற்றை உணவாக வளர்த்துப் பேணுவதும் அதன் பொருளில் பாதி. தென்கன்னட ஆட்சியராயிருந்து, ஆற்றுமீன்கள் குஞ்சுப் பருவத்திலேயே அழிவதைக் கண்டு அரசுக்கு எடுத்துரைத்தவர் அவர். மீன் பிடிக்க ஆசைப்பட்டவர் மீன் குறைவதைக் கவனித்தார் என்பது இயல்பே.

அவர் காலத்தவரான ஃபிரான்சிஸ் டே சென்னைப் படையின் மருத்துவர். கொச்சியில் பணியாற்றியபோது மீன்களில் மனம்பதிந்து, 1865இல் 'மலபார் மீன்கள்' நூலையும், 1875 முதல் 1878 வரை 'இந்திய மீன்கள்' என்னும் பெருநூலையும் வெளியிட்டார். அந்நூல்களில் தமிழ், மலையாள, தெலுங்கு மீன்பெயர்கள் வரிசையாக இடம்பெற்றிருப்பது நம்மைப் போன்ற மொழி மாணவர்க்குப் பெரும் கொடை. பெயரற்ற வழிகாட்டிகளின் குரல் அங்கேதான், சொற்களாக மட்டும், எஞ்சியிருக்கிறது.

டேயை அரசு மீன்வள ஆய்வுக்கு அனுப்பியதன் பின்னணி இன்னும் சுவையானது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பிலும் அணைக்கரையிலும் மேலணை, கீழணை எழுந்தன. தஞ்சை வயல்களுக்கு நீரை உறுதிசெய்த அக்கட்டுமானங்களின் கர்த்தா ஆர்தர் காட்டன். அதே காட்டன்தான், 1867இல், ஆற்றின் குறுக்கே கட்டிய அணைகளால் கடலோர மீன்வளத்துக்குக் கேடு வரக்கூடும் என்று இந்திய அமைச்சருக்கு எழுதினார். கட்டியவரே கேட்ட கேள்வி அது. கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறும் உல்லம் மீன், அணையில் முட்டி நின்றது. அங்கே கூட்டமாய்த் தேங்கியதைப் பிடிப்பது எளிதாயிற்று; அடுத்த தலைமுறை மீன் பிறப்பது அரிதாயிற்று.

விசாரணைகள் நடந்தன, அறிக்கைகள் வந்தன. முடிவில் 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் தண்டனைக்குரியன ஆயின. நல்லதே. ஆனால் கேள்வி தொடங்கிய இடம் அணை. சட்டம் போய் நின்ற இடம் மீன் பிடிப்பவரின் கை. கடைமடைக்காரன் முறையிட்டான், அவனையே விசாரித்து அனுப்பினார்கள் என்றால் மிகையாகாது.

*

இந்தக் கதையில் நம் மாவட்டத்துக்கும் ஒரு கண்ணி உண்டு. ஊத்துக்குளி அன்று கோயம்புத்தூர் மாவட்டத்து ஊர். அம்மாவட்டத்தின் 'மேனுவல்' எனும் விரிவான கையேட்டை 1887இல் எழுதியவர் ஃபிரெடரிக் நிக்கல்சன். கொங்கு நாட்டுக் கிணறும் ஏற்றமும் மண்ணும் மழையும் அவர் பேனாவில் பதிவாயின. கூட்டுறவுச் சங்க இயக்கத்தின் முன்னோடியென அவரைப் பலர் அறிவர். அவரே பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையை, 1907இல் அது உருவானபோது, முன்னின்று நடத்தியவர். தலைமடையின் கிணறுகளை எண்ணிய கை, முதுமையில் கடைமடையின் மீன்களுக்கு வந்தது.

அவரோடு பணியாற்றிய எச். சி. வில்சன் நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் மீனைப் பொரிக்கவைத்தவர். குளிர்நாட்டு ஓடையில் பொய்யீ வீசும் ஆங்கிலேயரின் ஆசைக்காக எழுந்த பொரிப்பகம் அது. அங்கு கற்ற நுட்பத்தை அவர் 1909இல் கொள்ளிடத்தின் கீழணைக்குக் கொண்டுவந்து, உல்லத்தின் முட்டைகளைச் செயற்கையாய்க் கருவுறச் செய்து குஞ்சு பொரிக்க முயன்றார். விளையாட்டுக்காகப் பிறந்த அறிவு, அணை செய்த சேதத்துக்கு மருந்து தேடி வந்தது. உல்லம் பழைய பெருக்கத்துக்குத் திரும்பவில்லை. 1934இல் மேட்டூர் அணையும் எழுந்தபின் கொள்ளிடத்தின் நீர்க்கணக்கே வேறாயிற்று.

பிச்சாவரம் இதற்கிடையே இன்னொரு வகையில் அடிபட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் எழுபதுகள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறைவைத்து மொட்டையடித்தார்கள். மரம் போன இடத்தில் மண் தாழ்ந்து பள்ளமானது. ஓதத்தோடு உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறியது. கண்டலும் முளைக்காத உவர்நிலமாயிற்று. மேலிருந்து வரும் நன்னீர் குறைந்ததும் இதோடு சேர்ந்துகொண்டது. உப்பைப் பெரிதும் தாங்கும் வெண்கண்டலே இன்று அக்காட்டில் மிகுந்திருப்பதற்கு இது ஒரு காரணம். தொண்ணூறுகளில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன்முள்ளின் அமைப்பில் கால்வாய்கள் வெட்டி, ஓதம் உள்ளே வந்து வெளியே போக வழிசெய்தன. உப்பு இறங்கியது, கன்றுகள் பிடித்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, காட்டின் பின்னிருந்த குப்பங்கள் காடில்லாத கரையினும் குறைவாகவே சேதமுற்றன. 2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

அந்தக் காட்டின் ஆழமற்ற நீரில், தூண்டிலும் வலையுமின்றிக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் உண்டு. பனையோலைப் பறியும் இரண்டு கைகளுமே அவர்தம் கருவிகள். நீரின் சூடு, சேற்றின் மென்மை, ஓதத்தின் வேளை ஆகியவற்றை விரல்நுனியால் அறிந்தவர்கள். ஃபுளோரிடாவின் வழிகாட்டி படகுமேடையில் நின்று கண்ணால் அறிவதை இவர்கள் நீருக்குள் அமர்ந்து கையால் அறிகிறார்கள். வேறுபாடு ஒன்றே: அங்கே அந்த அறிவுக்கு நாட்கூலியும் மதிப்பும் உண்டு, மன்றத்தில் பேசும் உரிமையும் உண்டு.

*

அந்த உரிமை எப்படி வந்தது என்று பார்ப்பது நமக்குப் பயன்படும். ஃபுளோரிடாவிலும் தலைமடைக் கதை உண்டு. பரந்து மெல்ல வழிந்த நன்னீரை, 1928இல் முடிந்த நெடுஞ்சாலை ஒன்று குறுக்கே மறித்தது. 1948க்குப் பின் கால்வாய்களும் கரைகளும் திசைதிருப்பின. தெற்கே கழிகள் உவர்த்தன. 1987இல் ஃபுளோரிடா விரிகுடாவின் கடற்புல் பரப்புகள் மடியத் தொடங்கின. ஸ்னூக்கை மட்டும் காப்பதற்கு 1957இலேயே அதன் விற்பனையைத் தடைசெய்திருந்தார்கள். மீனைக் காத்தால் போதாது, நீரைக் காக்க வேண்டும் என்பது மெல்லத்தான் உறைத்தது. 2000இல் நன்னீரை மீட்கும் பெருந்திட்டத்துக்கு அமெரிக்கப் பேரவை ஒப்புதல் அளித்தது. 2016இல் மீன்பிடி வழிகாட்டிகளே ஒன்றுகூடி 'கேப்டன்ஸ் ஃபார் கிளீன் வாட்டர்' என்ற அமைப்பைத் தொடங்கினர். ஏரியிலிருந்து திறந்துவிடப்படும் கெட்ட நீர் தம் கழிகளை என்ன செய்கிறது என்பதை, நாள்தோறும் அதில் கழியூன்றுபவர் என்ற தகுதியில், அவர்கள் எடுத்துரைத்தனர். கடைமடைக்காரர் தலைமடையைக் கேள்வி கேட்டார்.

நம் நொய்யலிலும் அப்படித்தான் நடந்தது. சாயக்கழிவு கலந்த நீரைத் தேக்கிய ஒரத்துப்பாளையம் அணை 1992இல் முடிந்தது. சில ஆண்டுகளிலேயே அதன் நீர் பயிருக்கு உதவாததாயிற்று. கீழே இருந்த ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் ஏறினர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், விதிகளைப் பின்பற்றாத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவை வெளியே விடாத முறைக்குத் தொழில் மாறவேண்டியதாயிற்று. அந்நாட்களில் வேலையிழந்தோரின் வீடுகள் நம் தெருக்களிலும் இருந்தன. அந்த வலியை எளிதாகப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் கரூர்ப் பக்கத்துக் கடைமடைக்காரர் என்பதையும் மறக்கக் கூடாது. அவருக்கும் அப்பால், ஆறு முடியும் இடத்தில், இன்னொரு கடைமடை இருக்கிறது. அங்குள்ளோர் இதுவரை நம்மைக் கேள்வி கேட்டதில்லை.

கொடுவா இன்று அருகிவிடவில்லை. 1997இல் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் அதை அடைப்பில் இனப்பெருக்கம் செய்யவைத்து வெற்றி கண்டது. சீர்காழிக்கு அருகே தொடுவாயில் அரசுசார் பொரிப்பகம் குஞ்சுகளை உற்பத்தி செய்தது. உணவகங்களில் கொடுவா வறுவலுக்குக் குறைவு வராது. உழவர்க்கும் உண்பவர்க்கும் இது நன்மை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளத்தில் பொரித்துக் குளத்தில் வளரும் கொடுவாவுக்கு ஆறு தேவையில்லை. ஆறு வற்றினாலும் அது தட்டுக்கு வந்துவிடும். சாட்சி சொல்ல அதற்கு எதுவும் தெரியாது.

ஆற்றில் ஏறி இறங்கும் கொடுவாவே சாட்சி. அதைத் தேடி ஓடைவாயில் காத்து நிற்பவரும், கண்டல் வேரடியில் துழாவுபவரும், அந்தச் சாட்சியத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள். தாமஸ் தம் தூண்டிலால் அதில் ஒரு பகுதியைப் படித்தார். காட்டன் தம் கட்டுமானத்தின் பின்விளைவாகப் படித்தார். தரங்கம்பாடியின் பெயரற்ற பரதவர் அவர்களுக்கும் முன்பே படித்திருந்தார், எழுதிவைக்க எவரும் அவரைக் கேட்கவில்லை. இனியாவது கேட்கலாம். காவிரியின் நீர்க்கணக்கு மாநிலங்களுக்கு இடையே பேசப்படுகிறது. மாவட்டங்களுக்கு இடையே பேசப்படுகிறது. கொள்ளிடத்தின் வாயில் கடலைத் தொட எவ்வளவு நீர் வந்தது என்று கேட்பவர் சிலரே. 'கடலில் வீணாகக் கலக்கிறது' என்று வெள்ளக்காலத்தில் நாம் எளிதாகச் சொல்லும் அந்த நீர், ஒரு மீன் வீடு திரும்பும் வழி.